செருப்போடு உள்ளே வாருங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை, புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். "அக்கா, தரை கண்ணாடி மாதிரி இருக்கு. வர்றவங்களை எல்லாம் செருப்போட விடறீங்களே, பார்க்கவே ஒரு மாதிரியா இல்லையா?"

அப்போது ஒரு பஸ் வந்து நின்றுவிட்டது. பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. நான் வளர்ந்த வீட்டிலும் செருப்பு வாசலைத் தாண்டாது. சாயங்காலம் அந்தச் செம்மண் தடங்களைத் துடைக்கும்போது எனக்கும் கூசும். ஆனாலும் செருப்போடுதான் விடுவேன். நீங்களும் அப்படித்தான் விட வேண்டும்.

பணி அனுபவம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். நான் அப்படியில்லை. சம்பளம் வாங்காத வேலையில் ஓய்வு எங்கே இருக்கிறது? எம்.எஸ்சி. தாவரவியல், பிறகு பி.எட்., பிறகு கல்யாணம், பிறகு மதி. அவளுக்கு இரண்டு வயது நடக்கும்போது, வீட்டில் உட்கார்ந்து படித்ததையெல்லாம் மறந்துவிடுவேனோ என்ற பயத்தில், இந்தப் பார்வையாளர் மையத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். உங்களுக்கு முன்னால் வந்தவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

இந்த இடத்தைப் பற்றி நீங்கள் முதலில் கேட்கப்போகும் கேள்வியும் எனக்குத் தெரியும். அன்னவாசல் பக்கமிருந்து வருகிறவர்களும் கேட்பார்கள், இலுப்பூர் பக்கமிருந்து வருகிறவர்களும் கேட்பார்கள். "இந்தப் பொட்டல்ல பார்க்க என்னங்க இருக்கு? கல்லும் முள்ளும்தானே?" காடு என்றால் பச்சையாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் அவர்கள். நம்முடையது வறண்ட காடு. செம்புராங்கல் பரந்து கிடக்கும் வெளி, நடுநடுவே உடைமரம், சூரை, கள்ளி. உடும்பும் கௌதாரியும் சுருட்டை விரியனும் உலாவுகிற இடம். இங்கே நம்முடைய வேலை பாதியளவு விளக்கம் சொல்வது, மீதி ஆட்களைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புவது. இரண்டாவது பாதியை யாரும் பாராட்ட மாட்டார்கள். எதுவும் நடக்காமல் போன நாளைப் பற்றி யார் பேசுவார்கள்?

நான் பயந்தவள். இதை ஒளிக்க மாட்டேன். மதி வீட்டுக்குள்ளேயே செருப்பு போட்டு நடப்பாள், நான்தான் பழக்கினேன். கூட வேலை பார்த்த ஜெசிந்தா, ஆவூர்க்காரி, என்னை வைத்துத்தான் அவள் பொழுது போகும். "இவங்க கோயிலுக்குப் போனாக்கூட மதிக்கு சாக்ஸ் மாட்டித்தான் கூட்டிட்டுப் போவாங்க" என்பாள். உண்மைதான். மாட்டியிருக்கிறேன்.

மையத்தின் கூடத்துக்குப் புதுத்தரை போட்டபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது. இலுப்பூரில் கடை வைத்திருக்கும் ஒருவர், இறந்துபோன தன் தாயார் நினைவாகக் கிரானைட் பதித்துக் கொடுத்தார். நல்ல மனிதர். பளபளப்பைப் பார்த்த நம் செயலாளர், "இனிமே எல்லாரும் வாசல்லயே செருப்பைக் கழட்டிட்டு வரணும்" என்று பலகை வைத்துவிட்டார். யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. எவரும் சொல்லாமலே கழற்றுகிறவர்கள்தானே நம் மக்கள்.

எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. கூடத்துக்கு முன்வாசல் வழியாக வருகிறார்கள், படங்களைப் பார்க்கிறார்கள், பின்கதவு வழியாக நேரே காட்டுப் பாதைக்கு இறங்குகிறார்கள். செருப்போ முன்வாசலில் கிடக்கும். கூட்டத்தில் கேட்டேன். "சார், யாராவது வெறுங்காலோட அப்படியே பின்னாடி இறங்கிட்டா?"

செயலாளர் சிரித்தார். "ஏம்மா, கால்ல செருப்பு இல்லேன்னு காலுக்கே தெரியாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்குப் போனதும், கேட்டிருக்கவே கூடாதோ, அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று ராத்திரி வரைக்கும் யோசித்தேன். நான் அப்படிப்பட்டவள்.

நான் பயந்தது நடந்தது கோடை தொடங்கிய ஒரு சனிக்கிழமை. மணமேல்குடிப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு வேனில் பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். நாலாவது, அஞ்சாவது படிக்கிற வயசு. கூட ஒரே ஒரு டீச்சர். காலையில் வர வேண்டியவர்கள், வழியில் வேன் பழுதாகி, வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். வரிசையாகச் செருப்பைக் கழற்றினார்கள். கூடத்துக்குள் போனதும் குளிர்ந்த கல்லில் கால் பட்ட சுகத்தில் ரெண்டு பேர் படுத்தே விட்டார்கள்.

அன்று மதியம் தரை கொடுத்தவரும் வருவதாக இருந்தது. அவரை வரவேற்க ஒரு நீளமான பிளெக்ஸ் அடித்து வந்திருந்தது. அவருடைய தாயார் படம், மாலையும் பொட்டுமாக, ஆள் உயரத்துக்கு. அதைச் சுருட்டிப் பின்தாழ்வாரத்தில் நிழலில் சாத்தி வைத்திருந்தார்கள். செயலாளர் அதைக் கட்ட ஆள் கூப்பிடப் போயிருந்தார்.

நான் குடிதண்ணீர் கேனை மாற்றிக்கொண்டிருந்தேன். மதி மேசைக்குக் கீழே விளையாடிக்கொண்டிருந்தாள். திடீரென்று கூடம் அமைதியானது. பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அமைதி வந்தால் நான் முதலில் எண்ணுவது நல்லதையல்ல.

பின்கதவு திறந்து கிடந்தது.

நடந்தது இதுதான். ஒரு பையன் ஜன்னல் வழியாக உடும்பைப் பார்த்திருக்கிறான். கதவைத் திறந்ததும் எல்லோரும் பின்னாலேயே இறங்கிவிட்டார்கள். கட்டடத்தின் நிழலும் வேம்பின் நிழலும் கொஞ்ச தூரத்துக்கு இருக்கும். அது வரை கால் சுடாது. அதைத் தாண்டி உடும்பைத் துரத்திக்கொண்டு வெட்டவெளிக்கு ஓடியிருக்கிறார்கள். உடும்பு பொந்துக்குள் போய்விட்டது. இவர்கள் நின்றார்கள். நின்றபிறகுதான் காலுக்குத் தெரிந்தது.

நான் கதவுக்கு வந்தபோது அந்தச் சத்தத்தைக் கேட்டேன். அழுகை இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுக்கும் சத்தம். பிள்ளைகள் ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்துக் குதித்தார்கள். டீச்சரும் வெறுங்காலோடு அவர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, "ஓடுங்க! ஓடுங்கடா!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். கடற்கரைப் பிள்ளைகள் அவர்கள். மணல் சுட்டால் ஓடத்தான் அவர்களுக்குத் தெரியும். ஓடினால் கொஞ்ச தூரத்தில் தண்ணீர் வந்துவிடும். பிறந்ததிலிருந்து கால் கற்ற பாடம் அது. இங்கே ஓடினால் வருவது உடைமர முள்தான். ரெண்டு பிள்ளைகள் ஏற்கெனவே திசை தப்பி, நிழல் தெரிகிறதே என்று ஒரு சூரைப் புதரைப் பார்த்து ஓடத் தொடங்கியிருந்தார்கள். அந்த நிழலில் கிடப்பது முள். வெயில் நேரத்தில் அங்கே படுத்திருப்பது விரியன்.

பயிற்சி கொடுத்த அம்மா ஒருவர் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. அவர் பெயர்கூட எனக்கு மறந்துவிட்டது, ஒரே நாள்தான் வந்தார். "புதர்க்காட்டுல பதறி ஓடுறவங்களை மொதல்ல நிறுத்துங்க. காப்பாத்தறது அப்புறம்." ஆனால் நெருப்பு மாதிரிக் கிடக்கும் கல்லில் ஒரு குழந்தையை நில் என்று எப்படிச் சொல்வது? நின்றால் சுடும், ஓடினால் குத்தும். இந்த மாதிரி நேரத்தில் சரியான வழி என்று ஒன்று கிடையாது. காலுக்குக் கீழே ஏதாவது வேண்டும், அதுவும் இந்த நொடியில். அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது.

மதியைத் தூக்கி மேசைமேல் உட்கார வைத்தேன். "எறங்கக் கூடாது" என்றேன். தாழ்வாரத்துக்கு ஓடி அந்தப் பிளெக்ஸ் சுருளைத் தூக்கினேன்.

"அக்கா, அது..." என்றாள் ஜெசிந்தா.

"நீ முன்னாடி போய் செருப்பையெல்லாம் அள்ளிட்டு வா!"

பலகையைப் பார்க்காமல் காலையில் செருப்போடு உள்ளே வந்துவிட்டேன் என்று செயலாளர் என்னைக் கடிந்துகொண்டிருந்தார். கழற்றித் தாழ்வாரத்தில் போட்டிருந்தேன். அதனால் கையெட்டும் தூரத்தில் கிடந்தது. மாட்டிக்கொண்டு ஓடினேன். வேம்பு நிழலின் விளிம்பில் ஒரு முனையைக் கல்லால் அமுக்கிவிட்டு மறுமுனையைப் பிள்ளைகள் பக்கம் உருட்டினேன். நிழலில் கிடந்ததால் குளிர்ச்சியாக இருந்தது. பாய் விரித்த மாதிரி அவர்கள் கால்வரைக்கும் போய் நின்றது.

படம் மேல்பக்கம் பார்த்து விரிந்தது.

"நில்லுங்க! ஓடாதீங்க! இங்கிட்டு வாங்க, இது மேல ஏறுங்க!" என்று கத்தினேன். புதருக்கு ஓடிய ரெண்டு பேரும் திரும்பினார்கள். முதலில் ஒரு பையன் குதித்து ஏறினான். பிறகு நாலைந்து பேர். பிறகு எல்லோரும் ஒரே மொத்தையாக.

ஒரு சின்னப் பெண் மட்டும் ஏறவில்லை. பிளெக்ஸை ஒட்டிக் கல்லின்மேல் குதித்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் கண்ணீர்.

"ஏறு பாப்பா!"

"மாலை போட்ட படம் டீச்சர்" என்றாள். என்னையும் டீச்சர் என்றே நினைத்திருக்கிறாள். "மூஞ்சி இருக்கு. மிதிக்கக் கூடாது."

அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கும்பிட வேண்டும், படத்தைத் தாண்டக் கூடாது, பெரியவர்கள் முகம் இருக்கும் பக்கம் கால் நீட்டக் கூடாது. எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அதுதான், மதிக்கு நான் சொல்லிக்கொண்டிருப்பதும் அதுதான். அந்த நல்ல வளர்ப்பு அந்த நிமிஷத்தில் அவள் பாதத்தை வேகவைத்துக்கொண்டிருந்தது.

"மிதி!" என்றேன். அவள் நகரவில்லை.

நான் செருப்புக் காலோடு அந்த அம்மாளின் நெற்றிமேல் ஏறி நின்றேன். "பாரு, நானே மிதிக்கிறேன். பாவம் வந்தா எனக்கு வரட்டும். மிதிடி!" அவள் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கிக்கொண்டேன். இடுப்பில் மதியை விடக் கனமாக இருந்தாள்.

ஜெசிந்தா தன் துப்பட்டாவில் செருப்புகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு ஓடி வந்தாள். "யாரோட செருப்பு யாருதுன்னு பார்க்காதீங்க, கெடைச்சதை மாட்டுங்க!" ஒரு பையன் ரெண்டு காலிலும் வலது செருப்பாகவே மாட்டிக்கொண்டு வந்தான். டீச்சர் காலில் பெருவிரல் மட்டும் நுழைகிற ஒரு ரோஸ் கலர் செருப்பு. அப்படியே ஊர்வலமாகக் கூடத்துக்குள் வந்தோம், கிரானைட் மேலே, செருப்போடு. குழாயடியில் வரிசையாகக் காலை நீட்டி உட்கார வைத்துத் தண்ணீர் விட்டோம். பெரும்பாலோருக்குச் சிவந்ததோடு போயிற்று. அந்தச் சின்னப் பெண்ணுக்கு ரெண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். கடைசியாக ஏறியவள் அவள்.

மதி மேசைமேலேயே உட்கார்ந்திருந்தாள். இறங்கவில்லை. அழுது அழுது விக்கலெடுத்துக்கொண்டிருந்தாள்.

வேனில் பிள்ளைகளை அன்னவாசல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுத் திரும்பும்போது தரை கொடுத்தவர் பின்பக்கம் நின்றுகொண்டிருந்தார். செயலாளரும் பக்கத்தில். பிளெக்ஸ் அப்படியே வெயிலில் கிடந்தது. அந்த அம்மாளின் கன்னத்திலும் கண்ணிலும் சின்னச் சின்னச் செம்மண் பாதங்கள். நெற்றியில் என்னுடைய செருப்புத் தடம் பெரிதாக.

அவர் குனிந்து துண்டால் துடைத்தார். செம்மண் தேய்ந்து இன்னும் பரவியது. நிமிர்ந்து என்னைக் கேட்டார். சத்தம் போடவில்லை.

"வேற எதுவும் கெடைக்கலையாம்மா?"

"கையில சிக்குனது அதுதான் சார்."

"திருப்பிப் போட்டிருக்கலாமே. எங்க ஆத்தா மொகம்."

இந்தக் கேள்வியை அதற்குப்பின் எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். என் வீட்டுக்காரர் கேட்டார், மாமியார் கேட்டார், நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். திருப்பிப் போட்டிருக்கலாம். சுருளை முழுக்கப் பிரித்து, புரட்டி, மறுபடி இழுத்துப் போட்டிருக்கலாம். அவ்வளவு நேரமும் சுடுவது யார் கால்? எப்படி எண்ணிப் பார்த்தாலும் அந்த நேரம் ஒரு குழந்தையின் பாதத்திலிருந்துதான் வருகிறது. மற்ற எல்லாவற்றிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. இதில் மட்டும் இல்லை.

அன்று அவரிடம் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. செயலாளர்தான் பேசினார்.

"மன்னிப்புக் கேளுங்கம்மா. தெரியாம செஞ்சுட்டேன்னு ஒரு வார்த்தை."

"தெரிஞ்சுதான் சார் செஞ்சேன்."

"கிராமத்துப் புள்ளைங்கம்மா. வெறுங்கால்ல நடந்து பழகுனதுங்க. ரெண்டு நிமிஷம் சுட்டிருக்கும், ஓடி வந்திருக்கும். அதுக்குப் போய் இவ்வளவு பெரிய அவமரியாதையா?"

பயந்துகொண்டேதான் சொன்னேன். "அந்தப் புள்ள காலை நீங்க பார்க்கலை சார். அய்யா, ஒங்க ஆத்தா படம் மிதிபட்டதுல எனக்கு வருத்தம்தான். அதை நூறு தடவை சொல்றேன். விரிச்சதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன். நாளைக்கும் இதே மாதிரி ஆனா இதையேதான் விரிப்பேன். அது ஆகாம இருக்கணும்னா அந்தப் பலகையை எடுங்க."

"அப்போ அடுத்த வாரத்திலேர்ந்து நீங்க வர வேணாம்" என்றார் செயலாளர்.

தரை கொடுத்தவர் பிளெக்ஸைத் தானே சுருட்டிக் காரில் வைத்துக்கொண்டு போனார்.

அன்றிரவு என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "ஒரு சாரி சொன்னா என்ன கொறஞ்சிடும்?" நல்ல கேள்வி. எனக்கு ஒன்றும் குறையாது. மன்னிப்புக் கேட்டால் தப்பு என்னுடையதாகிவிடும், பலகை அங்கேயே நிற்கும், அடுத்த வேனும் வரும். அதைத்தான் சொன்னேன். அவர் தட்டில் மோரை ஊற்றிக்கொண்டு, "சரி, என்ன பண்ணப் போறே?" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். உள்ளே போகவில்லை. கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் நின்றேன், மதியோடு, குடையோடு. வருகிற ஒவ்வொருவரிடமும், "செருப்பைக் கழட்டாதீங்க. கழட்டினா கையில எடுத்துக்கிட்டுப் போங்க. பின்பக்கம் கல்லு சுடும்" என்றேன். சிலர் நின்று கேட்டார்கள். சிலர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். செயலாளர் வெளியே வந்தார்.

"ஏம்மா, வர வேணாம்னு சொன்னேனே?"

"வரலையே சார். வெளியிலதானே நிக்கிறேன்."

"இது என்ன போராட்டமா?"

"தெரியலை சார். பஸ் ஸ்டாப்புன்னு நெனைச்சுக்குங்க."

ஜெசிந்தா உள்ளேயிருந்து சிரித்தது கேட்டது. மதியத்துக்கு மேல் அவளும் வந்து குடைக்குள் நின்றுகொண்டாள். சம்பளம் வாங்காதவர்களை வேலையை விட்டு நீக்குவது அவ்வளவு சுலபமில்லை. இந்த ஒரு சௌகரியத்தை நீங்களும் மறந்துவிடாதீர்கள்.

இப்படிப் பல வாரம் நின்றேன். நிற்கும்போது தைரியமாக நின்றேன் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் போகலாமா வேண்டாமா என்று தூக்கம் வராமல் புரண்டேன். பிள்ளையை வெயிலில் வைத்துக்கொண்டு வீம்பு பண்ணுகிறேனோ, நான் செய்வதும் செயலாளர் செய்வதும் ஒன்றுதானோ என்றெல்லாம் தோன்றும். காலையில் மதிக்குச் செருப்பு மாட்டும்போது முடிவு தானாக வந்துவிடும். பயந்தவர்கள் இந்த வேலைக்கு ஆகாது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். கால் சுடும் என்று முன்கூட்டியே பயந்தவள் நான் ஒருத்திதான். சிரித்தவர்கள் யாரும் அன்று அங்கே இல்லை. பயத்தை விடச் சொல்லவில்லை. பயந்துகொண்டே, சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். முதல் தடவை சிரித்தால் ரெண்டாவது தடவையும் சொல்லுங்கள்.

ஒரு நாள் தரை கொடுத்தவர் வந்தார். முன்னறிவிப்பு இல்லை, பிளெக்ஸ் இல்லை. காரை நிறுத்திவிட்டு நேரே என் பக்கம் வந்தார். மதி என் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் கொப்புளம் வந்த புள்ள?" என்றார்.

"ஆறிடுச்சுங்க. டீச்சர்கிட்ட போன் பண்ணிக் கேட்டேன். ஓடி வெளையாடுறாளாம்."

தலையை ஆட்டினார். அப்புறம் கூடத்துப் பக்கம் நடந்தார். நானும் பின்னால் போனேன். வர வேண்டாம் என்று சொல்லப்பட்ட வாசலுக்குள் அன்றுதான் மறுபடி நுழைந்தேன். படியில் அவர் வழக்கம்போலச் செருப்பிலிருந்து ஒரு காலை எடுத்தார். அப்படியே நின்றார். உள்ளே பளபளவென்று அவருடைய தாயார் பெயர் பொறித்த கல். வாசலில் அந்தப் பலகை. செயலாளர் அவரைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தார்.

தரை கொடுத்தவர் எடுத்த காலை மறுபடியும் செருப்புக்குள் நுழைத்தார். தாயார் தரையின்மேல் செருப்போடு நடந்தார். மெதுவாக, ஒவ்வொரு அடிக்கும் கூசிக்கொண்டு, தண்ணீரில் நடக்கிறவர் மாதிரி. அப்படி நடப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று அந்த முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. கூடத்தின் மறுகோடியில் பின்கதவு அன்றைக்கு இன்னும் திறக்கப்படாமல் பூட்டியிருந்தது.

என்னை மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. செயலாளரிடம் சாவியை வாங்கிக் கதவைத் திறந்துவிட்டேன்.